கல்மண்டபத்தில் ஒரு கலைத் தெரு



"பையனுக்கு நல்ல உத்தியோகம், குணமும் தங்கம். ஆனால், வீடு ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பக்கத்தில்..." என்று இழுக்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு 'ஆனால்' என்ற வார்த்தைக்குள் லாரிப் புழுதி, மீன் வாடை, சினிமாவில் பார்த்த அடிதடி எல்லாம் அடங்கிவிடுகின்றன. ஒரு பேட்டையில் சுவர் இடிந்தால் கட்டிக்கொள்ளலாம். பெயர் கெட்டுப்போனால் என்ன செய்வது? அங்கே பிறந்த ஒரே காரணத்துக்காக ஒரு பெண் தன் விலாசத்தைச் சொல்லக் கூசுகிறாள் என்றால், அது சின்ன விஷயமா?

போன பெயரை மீட்கக் கலையைத் துணைக்கு அழைக்கலாம் என்கிறார்கள். குடியிருக்கும் ஜனங்களே முன்னின்று தங்கள் தெருக்களைக் கலைப் பேட்டையாக ஆக்கிக்கொள்வது! "கலையாவது, கல்மண்டபமாவது!" என்று சிரித்துவிடாதீர்கள். அங்கே என்னதான் இருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பார்ப்போமா?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்டது ராயபுரத்திலிருந்துதான். போய்ச் சேர்ந்தது வாலாஜா ரோடு. அந்த ஸ்டேஷன் கட்டடம் தூண்களோடு இன்றும் கம்பீரமாக நிற்கிறது. ராயப்பர் என்பது புனித பேதுருவுக்குத் தமிழ்ப் பெயர். 1829-ல் அவர் பெயரால் இங்கே கோயில் எழுப்பியவர்கள் பிரபுக்கள் அல்ல. துறைமுகம் இல்லாத அந்த நாளில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலையோடு போராடிய படகோட்டிகள். அரத்தூன் சாலையில் 1910-ல் கட்டிய பார்ஸிகளின் அக்கினிக் கோயில் இருக்கிறது. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் துவக்கப் பொதுக்கூட்டம் நடந்தது இங்குள்ள ராபின்சன் பூங்காவில். பழைய கதை போதும் என்கிறீர்களா? 2024-ல் அமெரிக்கா சென்று உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கம் வாங்கி வந்த காஸிமா, இதே வடசென்னையின் செரியன் நகர்ப் பெண். ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள்!

ஆகவே, சரக்குக்குக் குறைவில்லை. கடை விரிக்கும் விதம்தான் கேள்வி.

நம் பட்டணத்திலேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. நகரத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்காக 2000-ஆம் வருஷத்தில் தொடங்கி உருவானது கண்ணகி நகர். 2020-ல் அதன் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் கூடப் பார்க்க வந்தார்கள். நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் திட்டமும் பணமும் வெளியிலிருந்து வந்தவை. வெயிலில் சாயம் வெளுத்தால் மறுபடி பூச யார் வருவார்கள்?

இன்னொன்று, பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பம். 2015-ல் பாடகர் டி.எம். கிருஷ்ணா, எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமன் முதலியோர் மீனவ ஜனங்களோடு சேர்ந்து அங்கே ஒரு விழா தொடங்கினார்கள். சபாவில் கேட்ட சங்கீதம் கடற்கரைக்கு வந்தது. பறையும் வில்லுப்பாட்டும் அதே மேடையில் அதே மரியாதையோடு ஒலித்தன. டிக்கெட் இல்லை, முன்வரிசை, பின்வரிசை என்ற பேதமும் இல்லை. குப்பத்து ஜனங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்ல, விருந்துக்கு அழைத்தவர்கள்! அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

கலை என்றால் அலங்காரம் மட்டுமா? எண்ணூர்க் கழிமுகம் பாழாவதைப் பற்றி 2017-ல் வந்த 'சென்னை பொறம்போக்குப் பாட'லை நினைத்துப் பாருங்கள். கூட்டங்களில் பேசிப் பேசி எட்டாத காதுகளுக்கெல்லாம் ஒரு பாட்டு எட்டியது. சாக்கடையை மறைக்கச் சித்திரம் எழுதுவது ஒரு வகை. சாக்கடையைச் சரி செய்யும்படி பாடுவது வேறு வகை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நியூயார்க்கில் ஸோஹோ என்ற பகுதியில், தொழிற்சாலைகள் காலி செய்த கட்டடங்களில் 1960-களில் ஓவியர்கள் குடியேறினார்கள். பேட்டைக்கு மவுசு வந்தது. கூடவே வாடகையும் ஏறியது. கடைசியில் அந்த ஓவியர்களே பலர் அங்கே இருக்க முடியாமல் போயிற்று. பேட்டை பிழைத்து, பேட்டைக்காரர்கள் வெளியேறினால் யாருக்கு லாபம்?

ஆகையால், கல்மண்டபத்தில் இப்படி ஒன்று தொடங்குகிறவர்கள் முதலில் பெயிண்ட் வாங்க வேண்டாம், பாய் வாங்கட்டும். மாதத்தில் ஒரு சாயங்காலம், ஒரே ஒரு தெரு. கானா பாடும் பையன், கோயில் பாடற்குழுப் பெண்கள், கேரம் ஆடும் குழந்தைகள், ரயில் கதை சொல்லும் தாத்தா எல்லோரும் வரட்டும். வரவு செலவுக் கணக்கு அந்தத் தெருப் பெண்களின் கையில் இருக்கட்டும். மீன் விற்று வீடு நடத்துகிறவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை! தண்ணீர், விளக்கு, குப்பை பற்றி மாநகராட்சிக்கு எழுதும் மனுவும் அதே பாயில் தயாராகட்டும்.

தெற்கே இருக்கும் நாமும் ஒரு காரியம் செய்யலாம். அழைத்தால் போவோம். உபதேசம் செய்ய அல்ல, உட்கார்ந்து கேட்க. திரும்பி வந்து அக்கம்பக்கத்தில் சொல்வோம்: "பையன் கல்மண்டபமாம். அடடா, நல்ல இடமாயிற்றே!"

அந்தப் பழைய 'ஆனால்' அன்றைக்குத்தான் ஒழியும்.