கூட்டத்தை நிறுத்திய இளைஞன்



தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்கட்கிழமையில் நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் சூசன்னாவின் வரலாற்றை (தானியேல் 13) நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். சொந்த மண்ணை இழந்து பாபிலோனில் வாழ்ந்த மக்களிடையே நிகழ்ந்தது அது. தங்கள் தீய ஆசைக்கு இணங்காத அப்பெண்மீது, நடுவர்களாயிருந்த முதியோர் இருவர் பழி சுமத்தினர். சொன்னவர்கள் பெரியோர் என்பதால் சபை நம்பியது. சாவுத் தீர்ப்பும் அளித்தது.

அந்நேரம் கடவுள் ஓர் இளைஞனின் உள்ளத்தைத் தூண்டினார். அக்குருதிப்பழியில் தமக்குப் பங்கில்லை என்று தானியேல் உரக்கக் கூறினார். பின்னர் இரு சாட்சிகளையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று தனித்தனியே வினவினார். இருவரும் வெவ்வேறு மரங்களைச் சொன்னார்கள். பொய் வெளிப்பட்டது, குற்றமற்ற உயிர் தப்பியது. உரத்த குரல் கூட்டத்தை நிறுத்தியது. ஆனால் சூசன்னாவைக் காத்தது நிதானமாகக் கேட்கப்பட்ட அந்த ஒரே கேள்வி. விசாரியாமல் தீர்ப்பிடாதிருப்பது ஞானம். பிறருக்கு நேர்ந்த அநீதியைத் தன் காரியமாக ஏற்பது நற்பண்பு.

மயிலிட்டி மக்களுக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. 1990 ஜூனில் போரினால் ஊரைவிட்டு வெளியேறியவர்கள் நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் காலம் கழித்தார்கள். 2017 ஜூலையில் துறைமுகமும் அதைச் சூழ்ந்த நிலத்தின் ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்டபோதுதான் அங்கு மீளக் குடியேற வழி பிறந்தது. 27 ஆண்டுகள்! இடப்பெயர்வில் பிறந்த குழந்தைகள் அதற்குள் இளைஞராகிவிட்டார்கள்.

இடிந்த வீட்டைக் கல்லால் கட்டலாம். சிதறிப்போன ஊரவர் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையை எதனால் கட்டுவது? வேலி அழிந்த காணியின் எல்லையைப் பற்றி ஒருவர் சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பிடலாமா? போரில் கணவனை இழந்து தனித்து உழைக்கும் தாய் ஒருத்தியைப் பற்றி ஒழுங்கையில் யாரோ சொன்ன சொல்லை ஆராயாமல் நம்பினால், பாபிலோனில் கூடிய சபைக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

பெற்றோரே, பெரியோருக்குக் கீழ்ப்படியப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறீர்கள், அது நன்று. "நீங்கள் அதைக் கண்ணால் கண்டீர்களா?" என்று பணிவோடு கேட்கவும் கற்பியுங்கள். பெரியோரே, தானியேலின் சொல் கேட்டு மக்கள் விரைந்து திரும்பினர். மூப்பர்கள் அவரைத் தம் நடுவே அமரச் செய்தனர். அத்தகைய ஓர் இருக்கை நம் பங்குச் சபைகளிலும் இல்லங்களிலும் இளையோருக்கு உண்டா?

இன்று மாலைக் குடும்பச் செபத்தில், வளர்ந்த பிள்ளை ஒருவர் இப்பகுதியை வாசிக்கட்டும். முடிந்ததும் அவர் மனதில் பட்டதைக் கேளுங்கள், இடைமறிக்காமல் கேளுங்கள். இளைய உள்ளங்களைத் தூண்டும் ஆண்டவர் உங்கள் இல்லத்திலும் பேசுவாராக!