கூடுமா என்று கேட்கும் முன்…

ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்டு முடித்து அறைக்குத் திரும்பும் நம் இளைஞர்கள் சிலர், மடிக்கணினியில் எஃப்.எல். ஸ்டூடியோவைத் திறந்து இசையமைக்கப் பழகுகின்றனர். மதரஸா ஆசிரியர்களாகிய நாமோ, இசைக்கருவி கூடுமா, கூடாதா என்று அவர்களிடம் வாதிடுகிறோம். பெரும்பாலான இமாம்கள் தடுத்ததை இப்னு ஹஸ்ம் அனுமதித்தார். அங்கே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த மென்பொருள் 'கிராக்' செய்த திருட்டுப் பிரதியா என்று நாம் கேட்பதே இல்லை!

படைப்புரிமை ஷரீஅத் காக்கும் உரிமை, அதை மீறலாகாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988இல் குவைத்தில் தீர்மானித்தது. விலை கொடுக்க இயலாதோர்க்கு எல்.எம்.எம்.எஸ். இலவசமாகவே கிடைக்கிறது, குரலை மட்டும் பதிவுசெய்ய ஆடாசிட்டி போதும். திருடிய மென்பொருளில் பதிந்த நஷீதுக்கு பரக்கத் எங்கிருந்து வரும்? வேறுபாடுள்ளதைக் கண்டித்துவிட்டு, ஐயமற்ற திருட்டைக் கண்டுகொள்ளாதது நம் பிழை. அல்லாஹ் நம்மைச் சீர்படுத்துவானாக!