தழும்பின் மேல் ஒரு சூரியன்

பள்ளி விட்டு வரும் பிள்ளைகளிடம் அகாசா யார், லூஃபி யார் என்று கேட்டுப் பாருங்கள். எட்டாம் வகுப்புப் பையன்கூட அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவான். வீட்டில் பெரியவர்கள் அதைப் பொம்மைப் படம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்பதுதான் இந்த வாரம் சொல்ல வந்தது. பிறப்பை வைத்து மனிதனை இழிவுபடுத்துவது பற்றி நம் திரையில் வரும் முக்கால்வாசிப் படங்களைவிட இந்தப் பொம்மைகள் வெளிப்படையாகப் பேசுகின்றன.

‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ படத்தை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 12 அன்று நம் திரையரங்குகளுக்குத் தமிழ் பேசிக்கொண்டே வந்தது. மூன்று படங்களாக வரும் கதையில் இது முதல் பாகம். நாயகன் தான்ஜிரோ கரி சுட்டு விற்கும் குடும்பத்துப் பையன். அவன் எதிரி அகாசா என்னும் அரக்கன். அந்த அரக்கன் மனிதனாக இருந்த காலத்தைப் படம் சொல்லும் இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது. நோயில் கிடக்கும் அப்பாவுக்கு மருந்து வாங்க வழியில்லாமல் திருடிய சிறுவன் அவன். பிடிபடும்போதெல்லாம் அவன் கையில் கோடு கோடாகப் பச்சை குத்தி அனுப்புகிறார்கள். பழைய ஜப்பானில் திருட்டுக்கு உண்மையிலேயே இருந்த தண்டனை அது. பச்சையை அழிக்க முடியாது. பிறகு அவன் எங்கே போனாலும் முதலில் பேசுவது அந்தக் கைதான். அரக்கர்களைப் பிறவியிலேயே அரக்கர்களாகக் காட்டும் புராணப் படங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அரக்கனை ஊர்தான் உண்டாக்கியது என்று ஒரு கதை சொல்வது சின்ன விஷயமில்லை.

அந்தச் சிறுவன் திருடிய பிறகாவது கையில் குத்தினார்கள். 1871இல் வெள்ளையர் அரசு கொண்டுவந்த குற்றப் பழங்குடியினர் சட்டம் பிறக்கும்போதே முத்திரை குத்தியது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் அதில் சிக்கின. அதே 1871இல்தான் ஜப்பானில் ஓர் அரசாணை வந்தது. மாடு அறுப்பது, தோல் பதனிடுவது, பிணம் தொடர்பான வேலை ஆகியவற்றைச் செய்ததால் தீட்டானவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் இழிபட்டங்களை அது நீக்கியது. இன்று புராக்கு மக்கள் என்று அழைக்கப்படுபவர்கள் அவர்களே. ஆணை வந்துவிட்டதே தவிர, ஒதுக்குவது நிற்கவில்லை. 1922இல், நம் மகாத் குளப் போராட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, கியோட்டோவில் கூடி அவர்கள் சுய்ஹெய்ஷா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். 1975இல் புராக்கு குடியிருப்புகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றைப் பெரிய நிறுவனங்கள் ரகசியமாகக் காசு கொடுத்து வாங்கியது அம்பலமானது. வேலைக்கு விண்ணப்பிப்பவர் எந்தத் தெரு என்று பார்ப்பதற்குத்தான். அந்தப் பாகுபாட்டை ஒழிக்கவென்றே தனிச் சட்டம் 2016இல் வந்தது. புல்லட் ரயில் ஓடும் நாட்டின் கதை இது.

அனிமே எழுதுகிறவர்கள் எல்லோரும் இதை மனதில் வைத்துத்தான் எழுதுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ‘ஒன் பீஸ்’ பார்க்கும்போது நம் ஊர்க்காரர் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததுபோல இருக்கும். எய்ச்சிரோ ஓடா 1997இல் வரைய ஆரம்பித்து இன்னும் முடிக்காத கடற்கொள்ளையர் கதை. அதில் டென்ரியூபிட்டோ என்று ஒரு மேற்குடி வருகிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அரசை நிறுவியவர்களின் வம்சத்தில் பிறந்தது மட்டும்தான் அவர்களின் தகுதி. வெளியே வரும்போது தலையைச் சுற்றிக் கண்ணாடிக் குமிழி போன்ற ஒன்றை மாட்டிக்கொள்வார்கள். மற்றவர் மூச்சு விடும் காற்று தங்கள் மேல் படக்கூடாதாம். அவர்கள் தெருவில் வந்தால் எல்லோரும் மண்டியிட வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்த் தெருவைக் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டுமா?

இந்த மேற்குடிகள் அடிமைகளின் உடம்பில் சூடு போட்டு ஒரு முத்திரை பதிப்பார்கள். தப்பித்தாலும் முத்திரை போகாது. ஃபிஷர் டைகர் என்ற மீன்மனிதன், தானும் அடிமையாக இருந்தவன், மலைபோன்ற சுவரில் ஏறிப்போய் அத்தனை அடிமைகளையும் விடுவிக்கிறான். மீன்மனிதர், மனிதர் என்று பிரிக்கவில்லை. பிறகு அவன் செய்வதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முத்திரையின் மேல் சூரியச் சின்னத்தைப் பதிக்கிறான். அடிமையாக இருந்தவர்களுக்கு மட்டுமல்ல, தன் கப்பலில் உள்ள எல்லோருக்கும். யார் அடிமையாக இருந்தவன், யார் இல்லை என்று இனி எவனாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்தக் கப்பலுக்கு ஒரு மனிதச் சிறுமி வருகிறாள். அவளும் அடிமையாக இருந்தவள். சும்மா உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள். சிரித்துக்கொண்டே தரையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். வேலையை நிறுத்தினால், முகம் வாடினால் கொன்றுவிடுவார்கள் என்ற பயம். பண்ணையார் வீட்டு வாசலில் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்ற நம் பெரியவர்களின் முகம் அந்த இடத்தில் ஞாபகம் வரும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் மாணவர்களின் மணிக்கட்டு. தென்மாவட்டப் பள்ளிகளில் பையன் என்ன சாதி என்று அவன் கட்டியிருக்கும் கயிற்றின் நிறம் சொல்லிவிடுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்த பிள்ளைகள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறு, மோதிரம் போன்றவற்றைப் பள்ளியில் தடை செய்யவும், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதியை நீக்கவும் அது பரிந்துரைத்தது. கயிறு கட்டிய கையாலேயே கைபேசியைப் பிடித்து ‘ஒன் பீஸ்’ பார்க்கிற பிள்ளைகள் நம் மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறிக்கையைப் படித்துக் காட்டினால் தூங்கிவிடுவார்கள். சூரிய முத்திரையைக் காட்டிப் பேசினால் ஒருவேளை கேட்பார்கள்.

குறை இல்லாமல் இல்லை. ‘நருட்டோ’வில் ஊரே ஒதுக்கிய அநாதைப் பையன் தன் உழைப்பால் மேலே வருகிறான் என்று நாம் கைதட்டிக்கொண்டிருக்கும்போது, அவன் பழைய ஊர்த் தலைவரின் மகன் என்று சொல்லிவிடுவார்கள். நம் சினிமாவில் குடிசையில் வளர்ந்தவன் கடைசியில் ஜமீன் வாரிசு ஆவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? லூஃபியின் தாத்தாவும் கடற்படையில் பெரிய ஆள்தான். இந்த விஷயத்தில் ‘டீமன் ஸ்லேயர்’ கொஞ்சம் தேவலை. தான்ஜிரோவின் வித்தை பெரிய வீரனின் ரத்தத்தில் வந்ததல்ல. அந்த வீரன் நண்பனாகக் கரிக்காரர் வீட்டுக்கு வந்துபோனபோது, கண்ணால் பார்த்து மனதில் வைத்து அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தது. ‘அட்டாக் ஆன் டைட்டன்’ தொடரில் கைப்பட்டை கட்டி, வேலிக்குள் அடைத்து வைக்கப்பட்ட மக்களின் கதை வருகிறது. வலிமையான கதை, ஆனால் ரத்தம் மிக அதிகம். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

நம் பக்கத்திலிருந்து ஒன்றையாவது சொல்ல வேண்டுமே. 2025 ஆகஸ்டில் வந்த மலையாளப் படம் ‘லோகா’ தமிழிலும் கிடைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பாட்டிமார் சொல்லிப் பயமுறுத்திய கள்ளியங்காட்டு நீலியை அது பழங்குடிப் பெண்ணாக்குகிறது. கோயிலுக்குள் கால் வைத்ததற்காக அரசனின் ஆட்கள் அவள் கூட்டத்தையே அழிக்கிறார்கள். ரத்தம் குடிக்கும் யட்சி என்று நமக்குச் சொல்லப்பட்டவள் அங்கே பாதிக்கப்பட்டவர்களின் காவலாகிறாள். பின்பாதி வழக்கமான சண்டைப் படம்தான். ஆனாலும் பேய்க்கதையை யார் பக்கமிருந்து சொல்வது என்று கேட்ட துணிச்சல் அதில் இருக்கிறது. நம் காலனிகளில் இப்படி எத்தனை சாமிகள், கொன்ற பிறகு கும்பிடப்பட்டவர்கள்! அந்தக் கதைகளை வரைய யாராவது ஒரு மாணவர் பென்சில் எடுத்தால் முதல் வாசகன் நான்.

நடிகர்களை வைத்து எடுத்த ‘ஒன் பீஸ்’ 2023இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. அதிலேயே மீன்மனிதர்கள் உண்டு. இரண்டாம் பருவத்துக்கு 2026 மார்ச் 10 என்று தேதி குறித்தார்கள். அனிமே ஆயிரம் பகுதிகளைத் தாண்டிவிட்டது. எல்லாவற்றையும் பார்க்க நேரமும் டேட்டாவும் யாரிடம் இருக்கிறது? மேற்குடிகளைப் பார்க்க 385 முதல் 405 வரை, ஃபிஷர் டைகரைப் பார்க்க 523 முதல் 574 வரை போதும். இரவுப் பாடசாலை நடத்துகிறவர்கள் ஒரு சனிக்கிழமை இரண்டு பகுதிகளைப் போட்டுக் காட்டலாம். அந்தச் சிறுமி தரை துடைக்கும் இடத்தில் நிறுத்தி, பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.