விற்பனை இருக்கிறது, காசு எங்கே?

மந்தம் வந்திருக்கிறது என்று பேப்பரில் வருவதற்கு முன்பே அம்பத்தூர் எஸ்டேட்டுக்குத் தெரிந்துவிடும். டீக்கடையில் இரண்டாம் ஷிப்ட் கூட்டம் குறையும். குட்டி யானை வேன்கள் வாடகை கிடைக்காமல் பகலெல்லாம் ஓரமாக நிற்கும். 2019-இல் வாகன விற்பனை சரிந்து, பாடிப் பக்கத்துப் பெரிய உதிரிபாக ஆலைகள் வேலையில்லா நாட்களை அறிவித்தபோது அது செய்தியானது. அந்த ஆலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிற லேத் பட்டறைகளில் அதற்கும் முன்பே ஓவர்டைம் நின்றிருந்தது. அடுத்த ஆண்டு ஊரடங்கு. 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி முந்தைய ஆண்டைவிடச் சுமார் 24 சதவீதம் சுருங்கியது. டன்லப் ஆலை ஓய்ந்து எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும், அந்த பஸ் ஸ்டாப்பை டன்லப் என்றே சொல்லும் ஊர் இது. ஒரு தொழில் நின்றுபோவது என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் கம்பெனியும் இந்தப் பட்டறைகளுக்கு நடுவில், ஒரு மாடியில்தான் இயங்குகிறது. இணையத்தில் பொருள் விற்கும் சிறு உற்பத்தியாளர்களுக்கு மென்பொருள் செய்து தருகிறோம். கீழே இரும்பு கடையும் சத்தம், மேலே கீபோர்டு. இரண்டு தளத்துக்கும் மந்தம் ஒரே மாதத்தில்தான் வந்து சேர்கிறது. பட்டறைக்காரர் விற்றால்தான் எங்களுக்குச் சந்தா வரும்.

தேவை குறைவதால் ஆர்டர் குறைந்து, அதனால்தான் கம்பெனிகள் விழுகின்றன என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அருகிலிருந்து பார்த்த வரையில், சிறு கம்பெனியை முதலில் சாய்ப்பது ஆர்டர் குறைவு அல்ல. விற்ற பொருளுக்கான காசு வழியில் எங்கெங்கோ தங்கிவிடுவதுதான். நல்ல காலத்தில் இது கண்ணில் படாது. அடுத்த ஆர்டரின் பணம் முந்தைய ஓட்டையை மூடிக்கொண்டே போகும். மந்தத்தில் அந்த அடுத்த பணம் தாமதமாகும்போதுதான் ஓட்டை தெரியும்.

மண்ணூர்பேட்டையில் சைக்கிள் உதிரிபாகம் செய்து மார்க்கெட்பிளேஸ்களில் விற்கும் ஒரு வாடிக்கையாளர் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது: “விக்குது சார். டெய்லி பார்சல் போவுது. மாசக் கடைசியில பாத்தா பேங்க்ல காசு இல்ல. எங்க போவுதுன்னே தெரியல.” அவரிடம் சோம்பலோ ஊதாரித்தனமோ கிடையாது. உட்கார்ந்து, மார்க்கெட்பிளேஸ் அவருக்கு அனுப்பும் செட்டில்மெண்ட் ஷீட்டை ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பார்த்தோம்.

முதல் ஓட்டை, எடை. கூரியர் கம்பெனிகள் பொருளின் எடையை மட்டும் பார்ப்பதில்லை; பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக்கிப் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது வால்யூமெட்ரிக் எடை. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஒரு ஜோடி மட்கார்ட் தராசில் ஒரு கிலோவைத் தாண்டாது. அதை 60-க்கு 20-க்கு 15 பெட்டியில் போட்டால் கணக்கில் 3.6 கிலோ. ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி 60-க்கு 15-க்கு 8 பெட்டியில் அடைத்தால் 1.44 கிலோ. பொருளும் மாறவில்லை, விலையும் மாறவில்லை, வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியாது. பெட்டி மட்டும்தான் மாறியது. அவர் பல மாதங்களாகத் தன் லாபத்தைக் காற்றாக அட்டைப்பெட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

இரண்டாவது, திரும்பி வரும் சரக்கு. 2010-ஐ ஒட்டி ஃபிளிப்கார்ட் கேஷ் ஆன் டெலிவரியைக் கொண்டுவந்த பிறகுதான், கார்டு இல்லாத நம்மூர் மக்கள் இணையத்தில் தைரியமாக வாங்க ஆரம்பித்தார்கள். அது பெரிய கதவைத் திறந்தது, மறுக்க முடியாது. ஆனால் பொருள் வாசலுக்குப் போகும்போது வீட்டில் ஆள் இல்லை, கையில் காசு இல்லை, மனசு மாறிவிட்டது என்றால் சரக்கு அப்படியே திரும்புகிறது. போக வர இரண்டு கூலியும் பெரும்பாலும் விற்பவர் தலையில்தான் விழுகிறது. கையில் பணம் இறுகும்போது வாங்குபவரின் மனசும் அடிக்கடி மாறும்.

மூன்றாவது, வரி. மார்க்கெட்பிளேஸ் வழியாக விற்றால் ஜிஎஸ்டி சட்டப்படி ஒரு சிறு பகுதியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். 2018 அக்டோபரில் 1 சதவீதமாகத் தொடங்கியது, 2024 ஜூலையில் 0.5 ஆனது. 2020 அக்டோபரிலிருந்து வருமான வரிப் பிடித்தம் தனி; 2021 ஏப்ரலிலிருந்து அது 1 சதவீதம். அது 2024 அக்டோபரில் 0.1 ஆகக் குறைந்தது. பிடித்த ஜிஎஸ்டி தொலைந்துபோவதில்லை. போர்ட்டலில் நுழைந்து ஏற்றுக்கொண்டால் விற்பவரின் ரொக்க லெட்ஜரில் சேர்ந்துவிடும், வரி கட்டப் பயன்படும். ஏற்றுக்கொள்ளாதவர்களுக்கு அது அங்கேயே கிடக்கும். மெலிந்த லாபத்தில் விற்பவருக்கு அந்த அரை சதவீதம்கூட ஒரு ஆளின் சம்பளம்.

அந்த ஷீட்டைப் பிரித்த பிறகு எங்கள் வேலையின் திசையே மாறியது. அழகான கடைப் பக்கம், ஆஃபர் பேனர், புதுப்புது வசதிகள் எல்லாம் பின்னுக்குப் போயின. ஒவ்வொரு ஆர்டரின் பணமும் இன்று எங்கே நிற்கிறது, எவ்வளவு வெட்டு விழுந்தது, அந்த வெட்டு நியாயமா என்று காட்டும் ஒரே திரை முன்னுக்கு வந்தது. மந்தத்தில் புதுக் கடை திறக்க யாரும் காசு செலவழிக்க மாட்டார்கள். போன காசைக் கண்டுபிடித்துத் தந்தால் சந்தாவை நிறுத்தவும் மாட்டார்கள்.

2000-த்தில் டாட்காம் குமிழி உடைந்தபோது தப்பியவர்களும் தங்கள் வேலையை இப்படித்தான் மாற்றிக்கொண்டார்கள். 1999-இல் பெங்களூரில் கே. வைத்தீஸ்வரன், வி.எஸ். சுதாகர், ஹரி மேனன் உள்ளிட்ட அறுவர் தொடங்கிய ஃபேப்மார்ட், இந்தியாவின் முதல் இணையக் கடைகளில் ஒன்று. முதலீட்டு ஊற்று வற்றியதும் அவர்கள் தெருவில் இறங்கி மளிகைக் கடைகள் திறந்தார்கள். பின்னாளில் அந்தக் கடைகள் ஆதித்ய பிர்லா குழுமத்துக்குக் கைமாறின. இணையப் பகுதி இந்தியாபிளாசா என்ற பெயரில் தொடர்ந்து, 2013-இல் மூடப்பட்டது. வைத்தீஸ்வரன் அந்த அனுபவத்தை ஒளிக்காமல் புத்தகமாகவே எழுதினார். சுதாகரும் மேனனும் மளிகையில் கற்றதை எடுத்துக்கொண்டு 2011-இல் நண்பர்களோடு பிக்பாஸ்கெட் தொடங்கினார்கள்.

சென்னையில் அட்வென்ட்நெட் இருந்தது. தொலைத்தொடர்புக் கருவி செய்யும் கம்பெனிகளுக்கு மென்பொருள் விற்றுவந்த அந்த நிறுவனம், 2001-இல் அந்தச் சந்தையே படுத்துவிட்டபோது, தன் எஞ்சினியர்களைப் புதுப் பொருள்களின் பக்கம் திருப்பியது. 2002-இல் மேனேஜ்எஞ்சின், 2005-இல் ஸோஹோ. இன்று அந்த நிறுவனத்துக்கே ஸோஹோதான் பெயர். மந்தத்தில் பிறந்த கம்பெனியும் உண்டு: இணையத்தில் நகை விற்கும் கேரட்லேன் சென்னையில் தொடங்கியது, அமெரிக்க வங்கி லேமன் பிரதர்ஸ் விழுந்த அதே 2008-இல்தான்.

ஆட்குறைப்பு பற்றி நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அழுத்தமாகச் சொல்வேன். எங்கள் வேலையில் இயந்திரம் கிடையாது, ஆள்தான் சொத்து. ஒரு கூரியர் கம்பெனியின் எடைத் தகராறு எப்படி ஓடும், எந்த மார்க்கெட்பிளேஸின் ஷீட்டில் எந்தக் கட்டம் எதைக் குறிக்கிறது என்பதெல்லாம் ஆவடியிலிருந்தும் திருநின்றவூரிலிருந்தும் ரயிலில் வருகிற பிள்ளைகளின் தலையில் இருக்கிறது. அவர்களை அனுப்பிவிட்டு, காலம் சரியானதும் மறுபடி எடுக்கலாம் என்பது கணக்கில் மட்டுமே சேமிப்பு. எங்கள் முடிவு: செலவைக் குறைப்பதென்றால் முதலில் வாடகை, அடுத்து முதலாளி சம்பளம், கடைசியில்தான் ஊழியர்.

அதற்குப் பணம் வேண்டுமே. ஓவர் டிராஃப்டில் சமாளிக்கலாம் என்றால், 2022 ஏப்ரலில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனதைப் பார்த்தவர்களுக்கு அந்த நம்பிக்கை இருக்காது. ஆக, வசூல்தான் வழி. சட்டம் சிறு நிறுவனத்தின் பக்கம்தான் நிற்கிறது. 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் தொடங்கிய மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டியும் தராத தொகையை, தரும் வரையில் வாங்கியவர் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் பில்களைத் தள்ளுபடியில் பணமாக்கும் டிரெட்ஸ் தளங்களில் சேர வேண்டும் என்பதும் விதி. வாங்கி விற்கும் வியாபாரிக்கு மட்டும் 45 நாள் பாதுகாப்பு கிடையாது. 2021-இல் அவர்களை எம்எஸ்எம்இ பட்டியலில் சேர்த்தபோது வங்கிக் கடன் முன்னுரிமையோடு நிறுத்திக்கொண்டார்கள். இணையத்தில் விற்பவர்களில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். இது சரிசெய்யப்பட வேண்டிய அநியாயம்.

இருக்கிற சட்டத்தையாவது பயன்படுத்துகிறோமா? பணம் தராதவர்மீது அரசிடம் புகார் தர எஸ்டேட்டில் பலர் தயங்குகிறார்கள். புகார் கொடுத்தால் அந்தப் பெரிய கம்பெனி அடுத்த ஆர்டர் தராது என்ற பயம். எங்களுக்கும் ஒரு பெரிய வாடிக்கையாளர் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். ஒரு கம்பெனி தனியாகக் கேட்டால் அது சண்டையாகப் பார்க்கப்படுகிறது. அதனால் உற்பத்தியாளர் சங்கங்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்கிறேன். உறுப்பினர்களின் 45 நாள் தாண்டிய பில்களை மாதம் ஒருமுறை திரட்டி, சங்கத்தின் லெட்டர்பேடில், வட்டிக் கணக்கோடு, அந்தந்தக் கம்பெனியின் நிதித் துறைக்கு அனுப்பட்டும். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் மென்பொருளை எந்தச் சங்கம் கேட்டாலும் இலவசமாகச் செய்து தர நாங்கள் தயார். பில் தேதியும் சரக்கு ஏற்றுக்கொண்ட தேதியும் இருந்தால் போதும், மீதியை அது கணக்கிட்டுக்கொள்ளும்.