ஏரிக்கு முன்னால் ஒரு நாணல் காடு

கடந்த பள்ளி விடுமுறையில் செமோரிலிருந்து புத்ராஜெயா சென்றேன். எல்லாரும் பாலங்களையும் ஏரியையும் படம் பிடித்தார்கள். என்னைக் கவர்ந்தது நாணலும் கோரையும் அடர்ந்த சதுப்பு நிலம்.

1998-இல் உருவாக்கி முடிக்கப்பட்ட இந்தச் செயற்கைச் சதுப்பு நிலத்தில் 24 பகுதிகள் உள்ளன. சுவாவ், பீசா ஆறுகளின் நீர் இவற்றின் வழியே மெதுவாக நகர்ந்து ஏரியை அடைகிறது. வேகம் குறைவதால் வண்டல் படிகிறது. நீரிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகளைத் தாவரங்களும் வேர்களை ஒட்டி வாழும் நுண்ணுயிர்களும் குறைக்கின்றன. இல்லையேல் ஏரியில் பாசி பெருகும். அது மட்கும்போது உயிர்வளி குறைந்து மீன்கள் சாகும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், அந்நகரம் எழுந்த இடம் முன்பு பிராங் பெசார் ரப்பர் தோட்டம். நம் மக்கள் பால் வெட்டிய மண். ‘பி.பி.’ எனத் தொடங்கும் ரப்பர் ரகங்கள் இன்றும் அத்தோட்டத்தின் பெயரைச் சுமக்கின்றன. மரங்களும் லயங்களும் போய்விட்டன. ஏரி தெளிவாக இருப்பதால் மட்டும் ஒரு நகரைப் பசுமை நகர் என்று நான் சொல்லமாட்டேன். எதை இழந்து அதைப் பெற்றோம் என்பதும் கணக்கில் வரவேண்டும்.

நம் பக்கத்துத் தோட்டங்களும் வீடமைப்புப் பகுதிகளாகி வருகின்றன. மாணவர்களே, மழை விட்டபின் பெரியவர் ஒருவருடன் சென்று, உங்கள் வீட்டுக் கால்வாய் நீர் எங்கே போகிறது என்று பாருங்கள். வழியில் நாணல் வளர்ந்த பள்ளம் ஒன்றாவது உண்டா? இருந்தால், அதை மண் கொட்டி மூடவேண்டாம் என்று கேட்பதே நம் முதல் வேலை.