கணக்கு உதைத்தால் தராசைக் கேளுங்கள்

வங்கியில் 34 ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். கணினி வராத காலத்தில், சாயங்காலம் கணக்கு பத்து பைசா உதைத்தாலும் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. பணம் தானாகக் காணாமல் போகாது. ஏதோ ஒரு பக்கத்தில் எழுதாமல் விட்டிருப்போம், அவ்வளவுதான்.

பொருளை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று அறிவியல் பாடம் சொல்வதும் இதே கணக்குதான். ஏழாவது படிக்கும் என் பேரன் அதைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பான். ஆனால் பக்கத்து வயலில் வைக்கோலைக் கொளுத்தியதைப் பார்த்து, "எல்லாம் போயிடுச்சு தாத்தா" என்றான். மனப்பாடம் மார்க்குக்குத்தான் ஆச்சு.

மறுநாள் சமையலறைத் தராசை எடுத்தோம். 200 கிராம் தண்ணீரில் 20 கிராம் வெல்லம் போட்டோம். வெல்லம் கரைந்து மறைந்தது. எடை 220 கிராமாகவே நின்றது. அடுத்து, திறக்காத பெரிய சோடா பாட்டில். எடை போட்டு, மூடியைத் திறந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் நுரை அடங்கும்வரை வைத்திருந்து, மூடியோடு மறுபடி எடை போட்டோம். மூணு கிராம் குறைவு. "அப்ப காத்துக்கும் எடை இருக்கா?" என்றான். பிறகு 100 கிராம் வைக்கோலை இரும்புச் சட்டியில் எரித்தோம். கைப்பிடிச் சாம்பல்தான் மிச்சம். மீதி எங்கே என்று நான் சொல்லவில்லை. அவனே வானத்தைக் காட்டினான்.

அப்போதுதான் ஹெல்மாண்ட் கதையைச் சொன்னேன். பெல்ஜியம் பக்கத்துக்காரர். தொட்டியில் சுமார் 90 கிலோ காய்ந்த மண் போட்டு, ஒரு வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 76 கிலோவுக்கு மேல் இருந்தது. மண்ணில் குறைந்ததோ 57 கிராம்தான். 1648இல் வெளியான கணக்கு இது. எல்லாம் தண்ணீரில் இருந்து வந்தது என்று அவர் நினைத்தார். காற்றின் பங்கு பின்னால்தான் தெரிந்தது.

உழவனுக்கு முக்கியம் அந்த 57 கிராம்தான். காற்றும் மழையும் தானாகத் திரும்பி வரும். மண் கொடுத்த அந்தச் சொற்பத்தை நாம்தான் திருப்பிப் போட வேண்டும்.

பேரன் விடவில்லை. "நீங்க வருசா வருசம் வித்தீங்களே வைக்கோல், அதுல போனதை யார் திருப்பிப் போட்டா?" நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. ஆறு வருசம் விற்றிருக்கிறேன். கைக்கு வந்த காசை வரவு எழுதினேன். மண்ணுக்கு ஆன பற்றை எழுதவே இல்லை. வங்கியில் இப்படிச் செய்திருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

நண்பர்களே, ஒரு தராசும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் பேசி, பிள்ளைகளை வயலுக்கே வரச்சொல்லுங்கள். மக்குக் குழியில் போடுவதையும் எடுப்பதையும் அவர்களே எடை போடட்டும். தீ மூட்டும் வேலையில் மட்டும் பெரியவர்கள் கூட இருங்கள். விடையை முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். குறைந்தது எங்கே போச்சு என்று கேட்டால் போதும்.

இந்தச் சம்பாவில் பாதி வைக்கோல் வயலிலேயே மூடாக்கு. மீதி என் மாட்டுக்கு; சாணமாக வயலுக்கே திரும்பும். நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுவது பேரன்தான்.