லீவு நாளில் முளைக்கும் சொந்த ஊர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓசூர் பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். எல்லை ஊருக்கு இது பழைய பழக்கம். இப்போது இந்தி, ஒடியா, அசாமி என்று இன்னும் சில மொழிகள் சேர்ந்திருக்கின்றன. பேசுகிறவர்களில் பெரும்பாலோர் இருபதைச் சுற்றிய வயதுக்காரர்கள். கழுத்தில் அடையாள அட்டை இருக்காது. வாரம் முழுக்க யூனிஃபார்மில் இருப்பவர்களுக்குப் பிடித்த உடை போட்டுக்கொள்ள இந்த ஒருநாள்தான் கிடைக்கிறது.

வெளிநாடு என்றால் பாஸ்போர்ட் வேண்டும் என்பார்கள். ராஞ்சிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த 19 வயதுப் பெண்ணைக் கேட்டால் வேறு பதில் வரலாம். ஒரு ராத்திரிக்கு மேல் ரயில் பயணம், படிக்கத் தெரியாத பஸ் போர்டு, பழக்கமில்லாத சாம்பார். அவருக்கு ஓசூரே வெளிநாடுதான்.

இப்படி வந்தவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. ஓசூர் அருகே ஐபோன் தொடர்பான தொழிற்சாலை வளர்ந்துகொண்டிருந்தபோது, 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஒரு தகவல் சொன்னார். அங்கே வேலைக்குச் சேரும் முதல் 6,000 பேர், ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த பழங்குடிப் பெண்கள் என்பதுதான் அது.

ஆஃப் கிடைத்தால்தான் டூர்

வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். அந்த ஏழாவது நாள் எல்லோருக்கும் ஞாயிறாக அமையாது. ஷிஃப்ட் மாறினால் ஆஃப் மாறும். ரூம்மேட் நாலு பேருக்கும் ஒரே நாள் லீவு அமைவதே பெரிய அதிர்ஷ்டம். அமைந்தாலும், பாதி நாள் துணி துவைப்பதிலும் தூக்கத்திலும் போய்விடும். மீதியில் வீட்டுக்கு வீடியோ கால். அதற்கும் மேல் தெம்பிருந்தால் ஊர் சுற்றல்.

காசு அதிகம் இல்லாதவர்களுக்கு முதல் இடம் சந்திரசூடேஸ்வரர் மலை. மேலே ஏறினால் மொத்த ஓசூரும் தெரியும். அடுத்தது தென்பெண்ணையில் இருக்கும் கெலவரப்பள்ளி அணை. முழுநாள் கிடைத்தால் கிருஷ்ணகிரி அணை. கையில் இரண்டு நாளும் கொஞ்சம் பணமும் இருந்தால் ஒகேனக்கல்.

பெங்களூரு ஆசைக்கும் இப்போது வழி சுலபம். 2025 ஆகஸ்ட்டில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டுவிட்டது. ஓசூரில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திராவில் இறங்கி மெட்ரோ பிடிக்கலாம். ஆர்.வி. ரோட்டில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால், மூன்றாவது நிறுத்தம் லால்பாக். கண்ணாடி மாளிகை முன்னால் எடுத்த போட்டோ அன்று சாயங்காலமே ஜார்க்கண்டில் அம்மாவின் போனுக்குப் போய்விடும்.

அது நம்ம முளைப்பாரிதானே!

மலையும் அணையும் மனதை லேசாக்கும். ஆனால் பண்டிகை வந்தால் ஊர் ஞாபகம் ஆளைப் பிடித்து உலுக்கும்.

ஜார்க்கண்ட் பழங்குடிகளின் பெரிய விழாக்களில் ஒன்று கரம். ஆகஸ்ட் - செப்டம்பரில் வரும். சில நாள்களுக்கு முன்பே பெண் பிள்ளைகள் ஆற்று மணலைக் கூடையில் கொண்டுவந்து தானியங்களை விதைக்கிறார்கள். மஞ்சள் நீர் தெளித்து, சுற்றி நின்று பாடி, வெளிர் மஞ்சளாக முளைக்க வைக்கிறார்கள். அதற்கு 'ஜாவா' என்று பெயர். விழா அன்று கரம் மரக்கிளையை நட்டு ராத்திரி முழுக்க ஆட்டம். மறுநாள் கிளையை நீரில் விடுகிறார்கள். கேட்டவுடன் நம்ம ஊர் முளைப்பாரியும் கும்மியும் ஞாபகத்துக்கு வருகிறதா?

ஒடிசாவில் ஜூன் மத்தியில் 'ரஜ' பண்டிகை. மழைக்கு முன்னால் பூமித்தாய்க்கு மாதவிலக்கு என்று நம்பி, மூன்று நாள் ஏர் பூட்டமாட்டார்கள். பெண்களுக்கும் வேலையில்லை. ஊஞ்சல் ஆட்டமும், அரிசி மாவு, வெல்லம், தேங்காய் சேர்த்துச் சுடும் 'போடா பிட்டா'வும்தான். பீகாரின் சட் பூஜை, தீபாவளி முடிந்த ஆறாம் நாள். நீரில் நின்று, மறையும் சூரியனுக்கும் மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் படையல் வைப்பார்கள். அந்தப் படையலில் கரும்பும் உண்டு. தை மாதம் நாம் செய்வதற்கு ரொம்ப தூரமில்லை.

ஹாஸ்டல் அறையில் ஆற்று மணலுக்கு எங்கே போவது? ராத்திரி முழுக்க ஆட எங்கே முற்றம் இருக்கிறது? விழா நாளும் ஆஃப் நாளும் ஒன்றாக வராவிட்டால், முந்தைய ஞாயிறோ அடுத்த ஞாயிறோதான் பண்டிகை. இந்தக் கணக்கு சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்ம பிள்ளைகளுக்குப் புரியும். தேக்காவில் ஞாயிறு மாலை கூடும் கூட்டத்தில் எத்தனையோ தமிழர்கள் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். ஊர்க்காரனைத் தேடுவது, ஊர்ச் சாப்பாடு சாப்பிடுவது, ஊருக்குப் பேசுவது.

ஓசூருக்குத் தெரிந்த பழைய வழி

ஓசூருக்கு இது முதல் முறை இல்லை. 1980-களின் நடுவில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை இங்கே வந்தபோது, அன்றைய தர்மபுரி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை வேலைக்கு எடுத்தார்கள். பலரும் வீட்டை விட்டு வெளியே வந்திராதவர்கள். நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? வாடகைக்கு வீடு பிடித்து அவர்களைத் தங்கவைத்ததோடு நிற்காமல், கூடவே இருந்து கவனித்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோரையும் நியமித்தது. வேலை கற்றுக்கொடுக்கத் தொழிற்சாலை போதும், லீவு நாளில் 'சாப்பிட்டியா?' என்று கேட்க ஒரு வீடு வேண்டும் என்று அன்றைக்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது.

இன்று வந்திருக்கும் பல ஆயிரம் பேருக்கு அப்படி வீடு வீடாகப் பெற்றோர் வைப்பது நடக்கிற காரியமில்லை. ஆனால் ஊர் நினைத்தால் சிலது நடக்கும். மாடியில் வாடகைக்கு இருக்கும் பெண்களைப் பொங்கல் அன்று கீழே கூப்பிடலாம். கரம் கொண்டாட ஒருநாள் மொட்டைமாடியைக் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப்பார்த்து, "என்னம்மா, முளைப்பாரியா?" என்று கேட்டால் போதும். தமிழ் தெரியாவிட்டாலும் கூடையைக் காட்டிச் சிரிக்க அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

வேலை கிடைப்பதால் மட்டும் ஒரு ஊர் நம்முடையதாகிவிடுவதில்லை. லீவு நாளில் போய் உட்கார ஒரு திண்ணை வேண்டும். அந்தக் காலத்தில் தட்டுமுட்டுச் சாமானோடு ஓசூரில் வந்து இறங்கிய கிராமத்துப் பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். அவர்களில் இங்கேயே வீடு கட்டிக் குடியேறியவர்கள், இந்த ஞாயிறு வாசலில் நின்று பார்க்கட்டும். நாற்பது வருடத்துக்கு முந்தைய அவர்களே பை மாட்டிக்கொண்டு தெருவில் போய்க்கொண்டிருப்பார்கள்.